ஸுப்ரஜாவுக்கு அடுத்த பெயர்

ருக்மணி மாமி போன் செய்தபோது ஹர்ஷினி மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தாள். முழங்கை வரை பிசுபிசுப்பு. புறங்கையால் போனைத் தள்ளி எடுத்து, தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு "சொல்லுங்க மாமி" என்றாள். மாமி அவளுடைய சிநேகிதி ஸுப்ரஜாவின் அம்மா. அழுகிற குரலில் பேசினார். இரண்டாவது ரவுண்டில் ஸுப்ரஜாவுக்கு ஓங்கோலில் எம்.பி.பி.எஸ். சீட்டு வந்துவிட்டதாம், அதுவும் அரசாங்கக் கல்லூரியில். வீடே ஆனந்தப்பட வேண்டிய நேரத்தில் பெண் போகமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டுவிட்டாளாம். திருப்பதியில் சேர்ந்த கால்நடை மருத்துவத்தையே படிக்கிறேன், மாட்டு டாக்டராகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்கிறாளாம். அவள் அப்பா சாரங்கபாணி, கோயில் கைங்கரியத்துக்குப் போய்விட்டு வந்து, சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாராம். நாளை சாயங்காலத்துக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

"நீ சொன்னா கேப்பாடி கொழந்தே. ஒரு நடை வந்துட்டுப் போயேன்."

வரேன் மாமி என்று சொல்லிவிட்டுத் தொட்டித் தண்ணீரில் கை கழுவினாள். பிசுபிசுப்பு போன பிறகும் கழுவிக்கொண்டே இருந்தாள். ஸுப்ரஜா அந்தக் கால்நடைக் கல்லூரி சீட்டை விட்டு எழுந்தால் அது ஹர்ஷினிக்குத்தான். காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. இது மாமிக்குத் தெரியாது. ஸுப்ரஜாவுக்கும் தெரியாது.

இதெல்லாம் எல்லையோரத்தில் பிறந்தவர்களுக்கு மட்டும் வாய்க்கிற கூத்து. ஹர்ஷினியின் ஊர் சித்தூருக்குத் தெற்கே குடிபாலா பக்கம். ஊர் முடிகிற இடத்தில் ஆந்திராவும் முடிந்து தமிழ்நாடு வந்துவிடும். நைனா என்று அவள் கூப்பிடும் அப்பா புருஷோத்தமனுக்குப் பள்ளிக்கூடம் என்றால் கிட்டத்தில் இருக்க வேண்டும், தமிழ் சொல்லிக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். சைக்கிளில் போய்வருகிற தூரத்தில் அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது, சேர்த்துவிட்டார். ஆதார் இந்தப் பக்கம், அட்டெண்டன்ஸ் அந்தப் பக்கம். பத்தாவது வரை இப்படியே ஓடியது. அதற்குப் பிறகு சித்தூரில் இன்டர், அதாவது பதினொன்றும் பன்னிரண்டும். கல்லூரிக்கு விண்ணப்பம் போடும்போதுதான் விஷயம் தெரிந்தது: இங்கே அவள் வெளியில் படித்தவள், அங்கே அவள் வெளி மாநிலத்துக்காரி. எல்லோருக்கும் பொதுவென்று ஒதுக்கியிருந்த கொஞ்சூண்டு சீட்டில்தான் அவள் முட்டி மோத வேண்டும்.

ஸுப்ரஜாவுக்கும் அதே கதைதான். காஞ்சிபுரத்தில் மாமா வீட்டில் பத்தாவது வரை படித்துவிட்டு, ஹாஸ்டல் இருக்கிறதென்று சித்தூர் இன்டர் கல்லூரிக்கு வந்தவள். வகுப்பில் தெலுங்கு தடுமாறியது அவர்கள் இரண்டு பேருக்கும்தான். அதனாலேயே ஒரே பெஞ்ச் ஆனார்கள். ஹர்ஷினி கருவாடு தின்னும்போது ஸுப்ரஜா மூக்கைப் பிடித்துக்கொள்வாள், ஆனால் எழுந்து போகமாட்டாள். அந்தக் கொஞ்சூண்டு சீட்டிலும் ஸுப்ரஜா கடைசியாக உள்ளே போனாள். ஹர்ஷினி அவளுக்கு அடுத்து, வாசலுக்கு வெளியே நின்றாள்.

பட்டியல் வந்த அன்றைக்கு ஸுப்ரஜாதான் முதலில் கூப்பிட்டாள். சந்தோஷத்தில் அழுதுகொண்டே பேசினாள். கொஞ்சம் மூச்சு வாங்கியதும், உனக்கு எத்தனாவதுடி என்று கேட்டாள். உனக்கு அடுத்தது நான் என்று அந்த அழுகைக்கு நடுவில் எப்படிச் சொல்வது? முப்பதோ என்னமோ, எனக்கெல்லாம் வராது என்று ஹர்ஷினி சொல்லிவிட்டாள். சும்மா வாயில் வந்த எண். வந்தது வந்துவிட்டது, அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியவில்லை.

அப்புறம் காத்திருப்புதான். கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராக ஊரைவிட்டுப் போனார்கள். யஸ்வந்த் விஜயவாடாவுக்கு, இன்னொருத்தி கர்னூலுக்கு. வாட்ஸாப்பில் புது ஹாஸ்டல், புதுக் கோட்டு, கான்டீன் பிரியாணி என்று படமாக வந்து விழுந்தது. ஹர்ஷினி எல்லாவற்றுக்கும் ஒரு இதயம் போட்டுவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு ஏரிப் பக்கம் போவாள். ஊரில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் எங்கே சேர்ந்தாய் என்று கேட்டார்கள். வெயிட்டிங்கில் இருக்கிறேன் என்றால் அவர்களுக்கு ரயில் டிக்கெட்தான் ஞாபகம் வந்தது. கிருஷ்ணம்மா என்கிற பக்கத்து வீட்டுக்காரி, தட்கல் கிட்கல் ஏதாச்சும் இருக்குமே என்று நிஜமான அக்கறையோடு கேட்டாள். கேட்பதை விட்டவர் நைனா ஒருவர்தான். முதலில் தினமும் "காலேஜ்காரன் இன்னா சொல்றான்" என்று கேட்டுக்கொண்டிருந்தவர், பிறகு அவள் போன் ஒலித்தால் மட்டும் கை வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். தப்பான பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டோம் என்ற நினைப்பு அவரை அரித்தது. அதை அவரும் பேசவில்லை, இவளும் பேசவில்லை. சித்தூர் டிகிரி கல்லூரியில்கூட இந்த வாரத்தோடு சேர்க்கை முடிகிறது. இந்தச் சீட்டும் வராவிட்டால் அங்கே ஓடிப்போய் கிடைத்த பாடத்தில் உட்கார வேண்டியதுதான்.

அந்த நாட்களில் அவள் தவறாமல் செய்த காரியம் ஒன்றே ஒன்று. சாயங்காலம் மோட்டார் ரூம் பக்கம் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று ஸுப்ரஜாவைக் கூப்பிட்டு, எம்.பி.பி.எஸ். ரவுண்டு என்ன ஆச்சு, கட்டாஃப் இறங்கியதா என்று கேட்பாள். உனக்குக் கட்டாயம் வரும்டி என்று தைரியம் சொல்வாள். காணிப்பாக்கம் பிள்ளையாருக்குத் தேங்காய்கூட வேண்டிக்கொண்டாள். அந்தத் தேங்காய் யாருக்காக என்பது பிள்ளையாருக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியும்.

மறுநாள் மத்தியானம் அவள் திருப்பதியில் போய் இறங்கியபோது, கோவிந்தராஜர் கோயிலுக்குப் பின் தெருவில் இருந்த அந்த வீடு சத்தமில்லாமல் இருந்தது. மாமி காபியைக் கையில் திணித்து, கன்னத்தைத் தடவி, மாடியைக் காட்டினார். பஸ்ஸில் வரும்போதே என்ன பேசுவது என்று ஹர்ஷினி தயார் செய்து வைத்திருந்தாள். அப்பா அம்மா ஆசை, ஊரில் மரியாதை, இந்தச் சீட்டுக்கு எத்தனை பேர் தவம் கிடக்கிறார்கள் என்பதெல்லாம். ஒன்றும் பொய்யில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஸுப்ரஜா உட்கார்ந்திருந்தாள். இவளைப் பார்த்ததும் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அவள் பேசியதெல்லாம் கல்லூரி மாட்டுக் கொட்டகையைப் பற்றித்தான். கன்றுக்குட்டியின் காதைத் தொட்டே காய்ச்சல் கண்டுபிடிக்கிறார்களாம். பசுவின் விலாவில் காதை வைத்தால் உள்ளே வயிறு புரளுகிற சத்தம் கேட்கிறதாம். வீட்டுக்கு வந்தால் அம்மா தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வா என்கிறாளாம், அதுவும் அவளுக்குச் சிரிப்பாக இருக்கிறதாம். இதில் என்ன அதிசயம், நான் தினம் தொடுகிற காதுதானே என்று ஹர்ஷினிக்கு வயிறு எரிந்தது. அதே சமயம், இவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்து பார்த்ததே இல்லையே என்றும் இருந்தது.

"எல்லாரும் அவாவா ஆசையைத்தான் சொல்றா," என்றாள் ஸுப்ரஜா. "எனக்காகத் தெனம் கேட்டவ நீ ஒருத்திதான். நீ சொல்லு. போன்னா போறேன், இருன்னா இருக்கேன்."

போ என்று சொன்னால் முடிந்தது. கீழே மாமி ஏதோ பாத்திரத்தை நகர்த்துகிற ஓசை கேட்டது. ஹர்ஷினி தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"என்னக் கேக்காதடி. நீ போனா அந்த சீட்டு எனக்குத்தான் வரும். உனுக்கு அடுத்து நான்தான் கீறேன்."

"முப்பதுன்னியே."

"பொய் சொன்னேன்."

ஸுப்ரஜா அவளையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. பழகின முகத்தில் யாரையோ தேடுகிற மாதிரி பார்த்தாள்.

"அப்போ தெனம் போன் பண்ணினதெல்லாம்?"

முதலில் சீட்டுக்காகத்தான் கூப்பிட்டாள், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். போகப்போக, நாள் முழுக்க மாட்டைத் தவிர யாரோடும் பேசாத நாட்களில், அந்தக் குரலுக்காகவே சாயங்காலம் எப்போது வரும் என்று கிடந்தாள். கட்டாஃபைக் கேட்டு முடித்த பிறகும் போனை வைக்க மனசு வராமல், என்ன சாப்பிட்டாய், தலை பின்னினாயா என்று கேட்டுக்கொண்டு நிற்பாள். இரண்டும் உண்மை. அதில் எது எவ்வளவு என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஸுப்ரஜா எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

கீழே மாமி ஆவலோடு ஓடிவந்தார். என்னடி சொன்னே, ஒண்ணுமே பேசாம உள்ளே போய்ட்டாளே என்றார். ஒன்னும் சொல்லலை மாமி என்றாள் ஹர்ஷினி. மாமி நம்பவில்லை. ஏதோ பெரிய உபதேசம் செய்திருக்கிறாள் என்று நினைத்து, பஸ்ஸில் சாப்பிடு என்று ஒரு பொட்டலம் புளியோதரையைக் கையில் வைத்தார். சாத்தியிருந்த அறைக் கதவைப் பார்த்து ஹர்ஷினி, நான் வரேன் என்று சொல்லிப் பார்த்தாள். கதவு திறக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் வெகுநேரம் காத்திருந்து ஏறிய சித்தூர் பஸ் சந்திரகிரியைத் தாண்டும்போது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. கல்லூரி அலுவலகத்திலிருந்து ஒருவர் தெலுங்கில் அவள் பெயரையும் அப்பா பெயரையும் சரிபார்த்தார். "சீட்டு ஒச்சிந்தம்மா" என்றார், ஒரு இடம் காலியாகியிருக்கிறது, காலையில் ஒரிஜினல் சான்றிதழ்களோடு வந்து சேர்ந்துகொள்ள வேண்டும் என்றார். சரே சார், சரே சார் என்று அவர் வைத்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தாள். எழுந்து நின்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தலாம் போலிருந்தது. நைனாவுக்குச் சொல்ல வேண்டும், அவர் களத்தில் இருப்பார், ஓடிவந்து எடுப்பார் என்று நினைத்துக்கொண்டே அழுத்தினாள். அழுத்தின பிறகுதான் பார்த்தாள், விரல் ஸுப்ரஜாவின் பெயரில் இருந்தது.

வைத்துவிடலாம் என்று நினைப்பதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். வீடு நிறைய ஆட்கள். யாரோ டாக்டரம்மா டாக்டரம்மா என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். மாமி யாரையோ சர்க்கரை வாங்கிவர விரட்டினார். சாரங்கபாணி மாமா குரல் கம்ம யாரிடமோ ஓங்கோல், ஓங்கோல் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அத்தனைக்கும் இந்தப் பக்கத்தில், போனுக்கு வெகு கிட்டத்தில், ஒரு மூச்சு மட்டும் கேட்டது.

"ஸுப்ரஜா," என்றாள்.

பதில் இல்லை. போனையும் வைக்கவில்லை. ஹர்ஷினி இன்னொரு காதைப் பொத்திக்கொண்டு ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்தாள். அங்கே ஒரு எவர்சில்வர் தட்டு கை தவறி விழுந்து, தரையில் சுற்றிச் சுற்றி, மெல்ல அடங்கியது. மூச்சு இன்னும் அங்கேயே இருந்தது.