எலிக்குட்டி நாற்பத்தேழு

பாங்காக்கில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பதினான்கு ஆய்வுக் குழுக்களுக்கும் திசு வெட்டித் தருவதற்கு ஒரே ஒரு பொதுக்கூடம். அங்கே ரம்பாய் அக்கா வைத்ததுதான் வரிசை. மரபணுவையே வெட்டி ஒட்டுகிற பேராசிரியர்கள்கூட அவள் மேசை முன்னால் வந்துவிட்டால் மீன் கடையில் நிற்கிற மாதிரி பேரம் பேசுவார்கள். ஒருவருக்கு மாநாடு, இன்னொருவருக்குக் கட்டுரைக் கெடு. எல்லோருக்கும் இன்றைக்கே வேண்டும்.

டாக்டர் கோமின் புதன்கிழமை காலையில் தேங்காய்ப்பால் பணியாரப் பொட்டலத்தோடு வந்தான். சட்டைப்பையில் ஒரு மெழுகுக் கட்டி. அதற்குள் கடுகளவு சதை. எட்டு வயதுச் சிறுவன் குங்கின் இதயத்திலிருந்து, கழுத்து ரத்தக்குழாய் வழியாகக் கம்பி விட்டுக் கிள்ளி எடுத்தது. அதைச் சீவிச் சோதித்து வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் முடிவு அனுப்பினால், பையனுக்கு மரபணு சிகிச்சையில் ஓர் இடம் உண்டு. அதற்குப் பிறகு பட்டியலை மூடிவிடுவார்கள். அடுத்த பட்டியல் வரைக்கும் அந்த இதயம் தாங்காது. மறுபடி கிள்ளவும் முடியாது. முதல் தடவை கிள்ளியபோதே இதயம் நின்றுபோய்த்தான் திரும்ப ஓடியது.

மனிதத் திசு என்றால் அனுமதிக் குழுவின் கடிதம் வேண்டும். அது வரப் பதினோரு நாள். எலிக்கு யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, மறுநாள் காலையே வெட்டிவிடுவார்கள். ஆகவே கோமின் கட்டியின் மேல் பென்சிலால் எழுதியிருந்தான்: எலிக்குட்டி 47, இதயம்.

ரம்பாய் அக்கா கட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இவ்வளவு பொடியா இருக்கே! பட்டினி போட்டே கொன்னுட்டீங்களா டாக்டர்?"

"பொறந்த அன்னைக்கே எடுத்ததுக்கா. கொஞ்சம் பாத்து வெட்டுங்க, ரொம்ப முக்கியமான எலி."

"முக்கியமில்லாத எலிய எவன் இங்க கொண்டாந்திருக்கான்? போன வாரம் ஒருத்தர் தன் எலிக்கு ஜாதகம் பாத்துட்டு வராததுதான் குறை. வெச்சிட்டுப் போங்க, நாளைக்குப் பத்து மணி."

சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னால் கட்டியைத் திருப்பித் தந்துவிடுவாள். விதி விஷயத்தில் அவள் கறார் என்று ஊருக்கே தெரியும். பணியாரத்தை மேசைமேல் தள்ளிவிட்டு நடந்தான்.

வியாழன் பத்து மணிக்கு அவள் தட்டை நீட்டினாள். பத்துக் கண்ணாடிச் சில்லுகளிலும் வெறும் மெழுகு.

"கோச்சுக்காதீங்க. இதயத்தோட நாலு அறையும் தெரியட்டும்னு சீவிக்கிட்டே போனேன், தெரியவேயில்ல. அதுக்குள்ள தீந்துபோச்சு. இன்னொரு குட்டி கொண்டாங்க, வரிசையில்லாம வெட்டித் தரேன்."

"முதல்ல சீவுனது?"

"குப்பைலதான். எலி இதயத்துல பாதி வரைக்கும் சீவி எறியணும்னு எழுதிக் குடுத்ததே உங்க குழுதானே? கீழ உங்க கையெழுத்து இருக்கே!"

இருந்தது. நாற்பத்தாறு எலிக்குட்டிகளை அப்படித்தான் வெட்டித் தந்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அவன் பாராட்டியிருக்கிறான். மனித இதயத் துண்டு என்றால் முதல் சீவலிலிருந்தே ஒன்றுவிடாமல் எடுத்து வைத்திருப்பாள்.

கோமின் குப்பைக்கூடையைத் தரையில் கவிழ்த்தான். இருபது முப்பது கட்டிகளின் சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன, துருவிய தேங்காய்போல. முழங்காலிட்டு, மூச்சு பட்டால் பறந்துவிடுமென்று வாயைப் பொத்திக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்தான். விரல் சூட்டில் மெழுகு சுருண்டுகொண்டது.

"டாக்டர்..." அவள் குரல் இறங்கிவிட்டது. "அது எலிதானே?"

"எட்டு வயசுப் பையன்க்கா," என்றான் கோமின், தேடிக்கொண்டே.

"அடப்பாவி! பிள்ளையோடதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அனுமதிக் குழுத் தலைவர் வீட்டு வாசல்ல நின்னாவது கையெழுத்து வாங்கிட்டு வந்திருப்பேனே. உங்க மாநாட்டுக்கும் கட்டுரைக்கும்தானய்யா நான் கறாரு."

பிறகு அவளும் பக்கத்தில் உட்கார்ந்து தேடினாள். பன்னிரண்டு மணி வரை தேடினார்கள். எது எலி, எது குங் என்று சொல்ல வழியில்லை.

"பதிவேட்டுல எலின்னுதான் இருக்கு," என்றாள் கடைசியில், கையைத் துடைத்துக்கொண்டே. "பிள்ளையோட துண்டு இந்தக் கூடத்துக்கு வரவேயில்ல. வெளிய என்ன சொல்றதுங்கிறது உங்க இஷ்டம்."

வார்டில் குங் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் அம்மா புவாபான் ஆறிப்போன அரிசிக் கஞ்சியைக் கிண்ணத்தின் அடியிலிருந்து தான் வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். டாக்டரைப் பார்த்ததும் எழுந்து கைகூப்பினாள்.

"துண்டு பத்தலம்மா," என்றான் கோமின். வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம்.

"மறுபடி எடுப்பீங்களா?"

"அவன் தாங்க மாட்டான்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப எங்கிட்டேருந்து எடுங்களேன். நான் பெத்த பிள்ளதானே, ஒரே ரத்தம்தானே. என்னுது நல்லா ஓடுது டாக்டர், நாலு மாடி நின்னு நின்னு ஏறினதே இல்ல."

கோமினுக்கு ஒத்திகை மறந்துபோயிற்று. "துண்டு பத்தாம இல்லம்மா. நாந்தான் அத எலின்னு எழுதினேன். சீக்கிரம் ஆகும்னு. அதனால சீவி எறிஞ்சிட்டாங்க."

புவாபான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். புரிந்ததா, புரிய மறுத்தாளா என்று தெரியவில்லை. கையிலிருந்த கிண்ணத்தைச் சட்டென்று கட்டிலடியில் தள்ளினாள்.

"ரெண்டு வாய்தான் சாப்பிட்டேன் டாக்டர்," என்றாள். "அதனால என்னுத இன்னைக்கு எடுக்க முடியாமப் போயிடுமா?"