கைகள் மட்டும்

விடியற்காலை ஐந்து மணிக்கே தோர்ண்டன் ஹீத் சலவைக்கூடம் கொதித்துக்கொண்டிருந்தது. ஹோட்டல்களின் ஈரப் படுக்கைவிரிப்புகளை உதறி, துணி தேய்க்கும் சூட்டு உருளைக்குள் கொடுத்துக் கொடுத்து ரஞ்சனாவின் தோள்கள் கழன்றுவிடும்போல் வலித்தன. வலியைவிடப் பயம்தான் பெரிது. அவள் படம் எடுப்பதை யாரோ முதலாளி சற்குணத்தின் காதில் போட்டுவிட்டார்கள்.

அவளுடைய முதல் படம் கோலியர்ஸ் வுட்டில் ஒரு நூலக அறையில் பதினேழு பேருக்குக் காட்டப்பட்டது. அதில் நான்கு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். இரண்டாவதை இங்கேயே, வேலையோடு வேலையாக, குழாயில் கட்டிய கைபேசியில் எடுத்துவந்தாள். கூட வேலைசெய்யும் பெண்கள் ஒரே நிபந்தனைதான் வைத்தார்கள்: கைகளை மட்டும் எடு, முகம் வேண்டாம். பாதிப் பேருக்கு விசா இழுபறியில் இருந்தது. பயந்தவர்கள் எடுக்கும் படம் வேறு எப்படி இருக்கும்?

போன செவ்வாய் டொலறஸின் வலக்கையை உருளை இழுத்துக்கொண்டது. வேலை வேகமாக ஓடவேண்டுமென்று கை சிக்காமல் தடுக்கும் காப்புத் தகட்டைக் கழற்ற வைத்தவர் சற்குணம். வீட்டில் கையில் எண்ணெய் கொட்டியதாக எழுதிய தாளை மறுநாளே நீட்டினார். டொலறஸ் இடக்கையால் கையெழுத்துப் போட்டாள்.

சற்குணம் வந்ததும் கைபேசியை வாங்கிப் பார்த்தார். உருளை ஒரு கையை இழுக்கும் காட்சி ஓடியது.

“உது ஆற்ற கை?”

“டொலறஸ் அக்கான்ர, அண்ணை.”

“முகம் இருக்கோ? எந்த இடமெண்டும் தெரியேல்லை. அழிச்சுப்போட்டு வேலையைப் பார், பிள்ளை. இல்லாட்டி நாளைக்கு வராதை. இவையின்ர விசாவுக்கும் நான் கடிதம் தரமாட்டன்.”

முகமும் இடமும் இல்லாத படம் எதற்கும் சாட்சியாகாது; அந்த மனிதர் சொன்னது சரிதான் என்பதுதான் கொடுமை. ரஞ்சனா கைபேசியைத் திருப்பி வாங்கினாள். விரல் அழிக்கும் பொத்தானுக்குப் போய்விட்டது.

உருளை நின்றது. நிறுத்தியவள் மதுரைக்காரி லக்ஷ்மிப்ரியா, எதற்கும் வாய் திறக்காதவள்.

“தகட்டைக் கழட்டச் சொன்னப்ப நானும் பக்கத்துல நின்னேன், சார்.”

“மெஷினைப் போடு!”

யாரும் போடவில்லை. மடிப்பு மேசையில் ஒற்றைக் கையால் வேலைசெய்துகொண்டிருந்த டொலறஸ் எழுந்தாள். கூடத்தின் பெயர் எழுதிய சுவருக்கு முன்னால் வந்து, கட்டுப்போட்ட கையை நெஞ்சருகே உயர்த்தினாள்.

“இப்ப எடு ரஞ்சனா. முகத்தையும் சேர்த்து எடு.”

ஒவ்வொருத்தியாக வந்து அவளருகே நின்றார்கள், அவளோடு சேர்த்து எட்டுப் பேர். எல்லோருக்கும் உதடு உலர்ந்திருந்தது. ஒருத்திகூட விலகவில்லை.

“பேரைச் சொல்லுங்கோ,” என்றாள் ரஞ்சனா. எட்டாவது பெயர் முடிந்ததும் கைபேசியைக் குழாயில் கட்டினாள். பிறகு, இதுவரை தன் படம் எதிலும் முகம் காட்டாதவள், அவளும் போய் வரிசையில் நின்றாள்.