ஒரே பெட்டியில் நீலமும் சாம்பலும்

நீலக் கோட்டு ஒன்று, அதன் மேல் மெல்லிய தாள், தாளின் மேல் சாம்பல் கோட்டு ஒன்று. மூலையில் ஈரம் உறிஞ்சும் பொட்டலம். பிறகு அட்டைப்பெட்டியை மூடி டேப் ஒட்ட வேண்டும். பேக்கிங் மேசைக்குப் பொறுப்பான ஜோதி இந்த வரிசையை வாரம் முழுக்கச் சொல்லிச் சொல்லி, கடைசியில் யாருக்கும் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. பெட்டிகள் கூரைத் தகரத்தைத் தொடுகிற மாதிரி ஏறி நின்றன.

ஒரகடம் சாலையில் கார் கம்பெனிகளுக்குப் பின்பக்கம் ஒதுங்கியிருந்த தையல் கம்பெனி அது. இந்த ஆர்டர் வந்ததிலிருந்தே ஜோதிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கம்பளித் துணி, கழுத்தை நெரிக்கிற காலர், நெஞ்சில் பித்தளைப் பொத்தான். கையில் எடுத்தாலே வியர்த்தது.

"கல்யாண பேண்டு செட்டுக்காரனுக்கா இருக்கும்க்கா," என்றாள் அதே மேசையில் நிற்கும் மஞ்சுளா.

"போடி. ரெண்டு கலரு, ஒரே சைஸு, ஒரே தையலு. இது ஸ்கூல் யூனிபாரம். திங்கள், செவ்வாய் நீலம், மத்த நாளு சாம்பல். நம்ம பசங்களுக்கு இல்ல?"

மேனேஜர் லூர்துராஜிடம் கேட்டதற்கு, "ரெண்டு கலரும் சமமா போவணும்மா" என்று சொல்லிவிட்டு அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டார். சமம் என்றால் ஆளுக்கு ஒரு செட்டு. ஜோதி அப்படித்தான் கட்டினாள்.

சனிக்கிழமை காலை லூர்துராஜ் ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே பாம்பைப் பார்த்தவர் போல நின்றார்.

"இன்னாம்மா இது?"

"செட்டு சார்."

"இன்னா செட்டு?"

"ஸ்கூல் பசங்க செட்டு."

லூர்துராஜ் பக்கத்திலிருந்த பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "அம்மா தாயே, அவனும் இவனும் விரோதி. ஒருத்தன ஒருத்தன் சுட்டுக்கினு செத்தவனுங்க. ரெண்டு பேரையும் ஒரே பெட்டில படுக்க வெச்சிருக்க."

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அமெரிக்காவில் நூற்று அறுபது வருஷத்துக்கு முன்னால் ஒரே நாட்டுக்காரர்கள் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டார்களாம். அடிமைகள் வேண்டும் என்றது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அதை எதிர்த்து நின்று ஜெயித்ததாம். இப்போது அதை லீவு நாட்களில் மைதானத்தில் நடித்துப் பார்க்கிறார்களாம். அதற்குத்தான் இந்தக் கோட்டு.

"முடிஞ்சு போன சண்டையையா?" என்றாள் ஜோதி.

"ஆமா."

"இதுல எது நல்லவங்க கலரு?"

"நீலம். சாம்பல்காரன்தான் அடிமை வேணும்னவன்."

"அவன் தோத்துட்டான்ல? தோத்தவன் துணிய எவன் சார் காசு குடுத்து வாங்குவான்?"

"அங்க சாம்பலுக்குத்தாம்மா கிராக்கி ஜாஸ்தி."

"போன மாசம் சாம்பல்தான் நம்ம கம்பெனிக்கு ராசின்னீங்களே சார்," என்றாள் மஞ்சுளா. லூர்துராஜ் முறைத்தார்.

மேசையின் அந்தக் கோடியிலிருந்து சந்தனமாரி கேட்டாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஹாஸ்டலில் இருக்கிறாள். "சார், அப்ப அந்த அடிமையளு என்ன கலரு போட்டாவ?"

"தப்பிச்சு ஓடி வந்தவனுங்க நீலத்த மாட்டிக்கினு சண்டை போட்டானுங்க. கலர வெச்சுத்தானம்மா ஆளத் தெரிஞ்சுக்கணும். மூஞ்ச யாரு பாக்கறா?" அவர் எழுந்து பேண்டைத் தட்டிக்கொண்டார். "நீலத்துக்கு ஒரு பார்ட்டி, சாம்பலுக்கு ஒரு பார்ட்டி. எல்லாத்தையும் பிரிச்சு மறுபடி கட்டுங்க. நாளைக்கு சாயங்காலம் கண்டெய்னர். ஞாயித்துக்கிழமை எல்லாரும் வரணும். ஹாஸ்டல் பொண்ணுங்க லீவு எல்லாம் கேன்சல். அடுத்த லோடு போற வரைக்கும் யாரும் கேட்டாண்ட வரக்கூடாது."

சந்தனமாரியின் கையிலிருந்த டேப் உருண்டையின் நுனி விரலிலேயே ஒட்டிக்கொண்டது. அவள் அதைப் பிய்க்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் ஜோதியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எங்கம்மைக்குத் திங்கக்கெழம காலைல ஆப்பரேசன்க்கா. நான் ஒத்தப் புள்ள. போன மாசமே லீவு தாரேன்னாவ. இப்பம் வார்டன்ட்ட கேட்டா, எல்லாம் உங்க ஜோதியக்கா புண்ணியம்ங்காவ."

ஜோதி சாப்பாட்டு டப்பாவை மூடினாள். சண்டை எங்கேயோ, எவனுக்கோ. சேரப்பணஞ்சேரியில் கிடக்கும் தனக்கும் சங்கரன்கோவிலில் கிடக்கும் நோயாளிக்கும் அதில் என்ன சம்பந்தம் என்று யோசித்தாள். கணக்கு எந்தப் பக்கம் போட்டாலும் தன் தலையிலேயே வந்து நின்றது.

அந்தக் கம்பெனியில் வேன் ஏறி வீட்டுக்குப் போகிறவர்களுக்கு மெரூன் மேல்கோட்டு. ஹாஸ்டலுக்குத் திரும்புகிறவர்களுக்கு மஞ்சள். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிகளை ஏஜென்சிக்காரன் வாராவாரம் மாற்றிவிடுவான். பழகிவிட்டால் இளகிவிடுவார்கள் என்று பயம். வருகிறவனுக்குத் தமிழும் தெரியாது, முகமும் தெரியாது. மெரூன் என்றால் விடு, மஞ்சள் என்றால் நிறுத்து, அவ்வளவுதான் பாடம். இரண்டில் மெரூன்தான் எடுப்பாக இருக்கிறது என்று ஜோதியே சொல்லியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, கடைசி சாம்பல் பெட்டிக்கு டேப் ஒட்டியதும், ஜோதி சந்தனமாரியைப் பெட்டி அடுக்குக்குப் பின்னால் இழுத்தாள்.

"கழட்டு."

"என்னக்கா?"

"கோட்ட கழட்டுடி. என்னுத நீ போட்டுக்கோ. வேன் சேரப்பணஞ்சேரில நிக்கும், எறங்கு. படப்பை வழியா கெளாம்பாக்கம் பஸ்ஸு வரும். அங்க உங்க ஊரு வண்டி கீது. மஞ்சுளா கூட ஒட்டிக்கினே போ. குனிஞ்ச தல நிமிராத."

"நீங்க எப்டிக்கா வருவீய?"

"எனக்கு இன்னா? நான் இந்த ஊருக்காரி. நடந்து கூட போவேன்."

கண்ணாடி அறையிலிருந்து லூர்துராஜ் பார்த்தால் மஞ்சள் ஒன்று குறையக் கூடாது. ஜோதி சந்தனமாரியின் கோட்டை மாட்டிக்கொண்டு ஹாஸ்டல் பெண்களோடு தரையைக் கூட்டினாள். தோளில் இறுக்கிப் பிடித்தது. வெளியே வேன் உறுமிக்கொண்டு போனது. கொஞ்ச நேரத்தில் லூர்துராஜின் காரும் போனது. அப்போதுதான் அவள் கேட்டுக்குப் போனாள்.

செக்யூரிட்டி சின்ன வயசுக்காரன். கையை நீட்டித் தடுத்தான். "பீலா," என்று அவள் கோட்டின் மஞ்சளைத் தொட்டுக் காட்டி, "ஹாஸ்டல். உதர்," என்று பின்பக்கம் கை காட்டினான்.

ஜோதிக்குச் சிரிப்பு வந்தது. "நான் வேன்ல போறவ தம்பி. சேரப்பணஞ்சேரி." அடையாள அட்டையைக் காட்டலாம் என்று கோட்டுப் பையில் கைவிட்டாள். ஒரு மிட்டாய்த் தாளும் இரண்டு ஊக்கும் வந்தன. அட்டை மெரூன் கோட்டில் இருந்தது. உள்ளே வரும்போது ஒப்படைத்த போனைத் திருப்பி வாங்கும் டோக்கனும் அதிலேயே இருந்தது. கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். அவன் இன்னும் மிரண்டு, விசிலை வாயருகே கொண்டுபோனான். அவன் பாடத்தில் கோட்டில்லாமல் நிற்பவள் ஓடப் பார்க்கிறவள். அவள் அவசரமாகத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

வேனில் மனைவி வராததைப் பார்த்துக் கன்னியப்பன் மொபட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். கேட்டுக் கம்பிக்கு வெளியே நின்றான்.

"இன்னாடி இது கோலம்? உன் கோட்டு எங்க?"

ஜோதி வாயைத் திறந்தாள். பக்கத்திலேயே ஹாஸ்டல் வார்டனின் அறை ஜன்னல் திறந்திருந்தது. கிளாம்பாக்கத்தில் இந்நேரம் பஸ் கிளம்பியிருக்குமா, இருக்காதா? தெரியவில்லை.

"கோட்டு எங்கன்னு கேக்கறேன்ல?"

"தெரியல," என்றாள்.

"தெரியலயா!" கன்னியப்பன் செக்யூரிட்டி பக்கம் திரும்பினான். "யோவ், அது என் பொண்டாட்டிய்யா. பதினெட்டு வருசமா குடித்தனம் பண்றேன், எனக்குத் தெரியாதா?"

"மேனேஜர் போலோ," என்று செக்யூரிட்டி போன் பேசுவதுபோல் காதருகே கை வைத்துக் காட்டினான்.

"அவரு நம்பர் குடுடி."

"என் போன்ல கீது."

"போன் எங்க?"

செக்யூரிட்டி அறைக்குள், கண்ணாடி அலமாரியில், அவள் போன் ஒருமுறை வெளிச்சம் போட்டு அணைந்தது. டோக்கன் இல்லாமல் தர மாட்டான். கன்னியப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தான். அவனிடம் மட்டுமாவது ரகசியமாகச் சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் நகர்ந்தாள். செக்யூரிட்டி நடுவில் வந்து நின்றுகொண்டான்.

பின்னால் ஹாரன் அடித்தது. நீலம் முன்பக்கமும் சாம்பல் பின்பக்கமுமாக ஏற்றிய கண்டெய்னர், சீல் வைத்து, விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தது. செக்யூரிட்டி ஜோதியைச் சுவரோரம் ஒதுங்கச் சொல்லிவிட்டு, இரண்டு கதவையும் கடைசி வரைக்கும் திறந்தான். வண்டி தாண்டும்போது விறைத்து நின்று சலாம் வைத்தான். புழுதி அடங்குவதற்குள் கதவுகளை இழுத்துச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டான். பிறகு மஞ்சள் கோட்டின் முழங்கையைப் பிடித்து, மரியாதையாகவே, ஹாஸ்டல் பக்கம் திருப்பிவிட்டான்.