துலுக்கானம் பரிசம் போட்டது

பாரிவாக்கத்தில் துலுக்கானத்தைப் போல வாய்ச்சொல்லுக்குப் பயந்த மனிதர் வேறு யாரும் இருந்ததில்லை. நாளைக்கு வருகிறேன் என்றால் வந்துவிடுவார். வர முடியாவிட்டால், வர முடியாது என்று சொல்வதற்காக நேரில் வந்துவிட்டுப் போவார். இப்படிப்பட்டவருக்கு அறுபது வயதில் ஒரு சோதனை வந்தது. பிள்ளைக்குக் கல்யாணம் கூடிவந்தது.

கூடிவந்தால் சந்தோஷம்தானே என்று கேட்பீர்கள். சந்தோஷம்தான். ஒரே பிள்ளை கோவிந்தன். அவனுக்கு இருபத்தெட்டு வயது முடிந்துவிட்டது. அவனோடு கோலி ஆடியவர்களெல்லாம் மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பனாகிவிட்டார்கள். பெண், திருமழிசை நாகப்பன் மகள் வடிவு. பார்த்ததும் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. சிக்கல் பெண்ணில் இல்லை, பணத்தில் இருந்தது. அதுவும் பணம் இல்லை என்ற சிக்கல் அல்ல. பணம் இருந்ததுதான் சிக்கல்.

துலுக்கானம் பண்ணையாள். உழுவது, விதைப்பது, அறுப்பது எல்லாம் அவர் வேலை. கூலி, மரக்காலில் அளந்து போடும் நெல். ரூபாய் நோட்டு அவர் கைக்கு வந்ததெல்லாம் ஒருவர் கொடுத்தனுப்பியதை இன்னொருவரிடம் சேர்க்கும்போதுதான். கோவிந்தனும் மீசை முளைத்த பிறகும் அதே ஏரைத்தான் பிடித்தான். யுத்தம் வந்தது. ஆவடியில் ராணுவத்துக்குக் கிடங்கு கட்டினார்கள், ஆள் எடுத்தார்கள். அவன் ஒருநாள் பொழுது விடியுமுன் நடந்து போய் வரிசையில் நின்றுவிட்டான். இப்போது லாரிக்குச் சக்கரம் மாற்றுகிற வேலை. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கையில் ரொக்கம்.

பேச்சு முடிந்த அன்றே அவன் தகப்பனிடம் சொல்லிவிட்டான்.

"நைனா, பரிசப் பணம், பொடவை, சோறு எல்லாம் என்னுது. நீ ஒரு தம்படி போட வாணாம். ஆண்டை ஊட்டுப் பக்கம் கடன் கேட்டுப் போனேன்னு தெரிஞ்சா, கல்யாணமே வாணாம்னு பூடுவேன்."

ஊரில் எல்லோரும் துலுக்கானத்துக்கு யோகம் என்றார்கள். பிள்ளை கல்யாணத்துக்குக் கையைக் கடித்துக்கொள்ளாத தகப்பன் இந்தப் பக்கத்தில் யார் இருக்கிறான்? கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்பார்கள். துலுக்கானத்துக்குக் கூழ் தானாக வந்து வாயில் விழுந்தது. மீசைதான் உறுத்திற்று. பிறந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளைக்கு அவர் காசு கொடுத்து வாங்கித் தந்தது என்று ஒரு பொம்மை கிடையாது. அவன் சின்ன வயதில் போட்ட சட்டையெல்லாம் பண்ணை வீட்டில் கழித்துப் போட்டது. கல்யாணத்துக்காவது ஏதாவது கொடுத்துவிடலாம் என்று அவர் உள்ளூர நினைத்துக்கொண்டிருந்தார். அதற்கும் இப்போது வழி இல்லை.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. அவர்கள் வழக்கத்தில், பரிசம் போடும் நாளன்று பிள்ளையைப் பெற்றவர் தட்டை நீட்டி, "பணம் உனக்கு, பொண்ணு எனக்கு" என்று மூன்று தரம் சொல்ல வேண்டும். பெண்ணைப் பெற்றவர், "பணம் எனக்கு, பொண்ணு உனக்கு" என்று மூன்று தரம் சொல்லித் தட்டை வாங்கிக்கொள்வார். அதோடு பெண் இந்த வீட்டுப் பெண். ஐயரும் கிடையாது, மந்திரமும் கிடையாது. அந்த வார்த்தைதான் எல்லாம்.

மற்றவர்களுக்கு இது சடங்கு. துலுக்கானத்துக்கு இது வாக்கு. தன் பணமாக இல்லாததை எடுத்து "உனக்கு" என்று எப்படி நீட்டுவது? பத்து ரூபாயாவது தன்னுடையதாகத் தட்டில் இருந்தால்தான் வாய் வரும் என்று பெண்சாதி வேம்புலியம்மாளிடம் சொன்னார். பிள்ளை காசு அடுத்தவன் காசா என்று அவள் கேட்டாள். அது வேறு, இது வேறு என்றார். எப்படி வேறு என்று அவள் கேட்டதற்கு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம், எந்தப் பக்கம் போகக் கூடாது என்று பிள்ளை சொன்னானோ அந்தப் பக்கமே போனார்.

பண்ணைக் கணக்குப்பிள்ளை அன்றைக்கு வழக்கத்துக்கு மாறாகச் சிரித்த முகமாக இருந்தார். பத்து எதற்கு, இருபதாக வாங்கிக்கொள் என்றார். கிழவரின் கைநாட்டு இரண்டு ரூபாய்கூடப் பெறாது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் யுத்தம் என்றைக்காவது முடியும். ஆவடியில் சக்கரம் மாற்றுகிற கைகள் திரும்பி ஏருக்கு வரும். பத்திரத்தை எழுதி, மையை எடுத்துத் துலுக்கானத்தின் கட்டைவிரலில் தடவிவிட்டு, முறைக்கு ஒரு தரம் படித்தார். துலுக்கானமும் அவன் மகன் கோவிந்தனும் இந்தக் கடன் தீருமட்டும் பண்ணையை விட்டு வேறு வேலைக்குப் போவதில்லை என்று அதில் இருந்தது. பிள்ளைக்கும் சேர்த்துத் தகப்பன் வைப்பது வழக்கம்தான், சும்மா வை என்றார்.

அந்தப் பெயரைப் படிக்காமல் இருந்திருந்தால் துலுக்கானம் வைத்திருப்பார். கோவிந்தன் என்ற பெயர் காதில் விழுந்ததும் விரல் காகிதத்துக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது. நாளைக்கு வந்து சொல்கிறேன் ஆண்டே என்று எழுந்தார். சொன்னபடி மறுநாள் விடிந்ததும் போய், வேண்டாம் என்று சொல்லிவிட்டும் வந்தார். வேண்டாமென்றால் எதற்கடா வந்தாய் என்று கணக்குப்பிள்ளை வைதது தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

விரலில் இருந்த மையை வேம்புலியம்மாள் பார்த்துவிட்டாள். துலுக்கானம் மறைக்கவில்லை, நடந்ததை நடந்தபடி சொன்னார். அவள் புளியும் சாம்பலும் போட்டு அந்த விரலை வெகுநேரம் தேய்த்தாள். பாதி போயிற்று, பாதி நின்றது.

வைகாசி மாதம், ஒரு வியாழக்கிழமை காலையில் திருமழிசையில் பரிசம். நாகப்பன் வீட்டு வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல், ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். நடுவில் தட்டு. வெற்றிலை பாக்கு, பூ, மஞ்சள், அரக்கு நிறத்தில் ஒரு புடவை, அதன்மேல் இருபத்தைந்து ரூபாய். எல்லாம் கோவிந்தன் வாங்கியது. சேரிப் பெரியதனக்காரர் ராமன் தட்டை எடுத்துத் துலுக்கானத்தின் கையில் கொடுத்து, சொல்லு என்றார்.

துலுக்கானம் வாயைத் திறந்தார். பணம் என்ற முதல் சொல்லே வரவில்லை.

ராமன் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பெண் வீட்டுப் பக்கம் முணுமுணுப்பு கிளம்பிற்று. பரிசம் போட வந்தவன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஊமையாக நின்றால் பெண் பிடிக்கவில்லை என்றுதான் அர்த்தம். நாகப்பன் முகம் சுண்டிவிட்டது. உள்ளே கதவுக்குப் பின்னால் நின்ற வடிவை யாரோ அப்பால் அழைத்துப் போனார்கள். இன்னும் கொஞ்சம் போனால் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிடுவார்கள். அது துலுக்கானத்துக்கும் தெரிந்தது. தெரிந்தும் நாக்கு எழவில்லை.

"என்னுது இல்லியே" என்றார் கடைசியில், யாருக்கென்று இல்லாமல்.

பெண்கள் பக்கத்திலிருந்து வேம்புலியம்மாள் எழுந்தாள். சபையில் அவள் அதற்கு முன் பேசியதில்லை. கோபமாகவும் பேசவில்லை, நாள் முழுக்க நடவு நட்டுவிட்டுக் கரையேறுகிறவளின் களைப்போடு சொன்னாள்.

"கோயிந்து நைனா, எனக்குப் பரிசம் போட்டப்ப ஒங்கப்பாரு மூணு தபா பணம் உனக்குன்னு சொன்னாரே, அது யாரு பணம்? ஆண்டை பணம். அந்தக் கடனுக்கு நீ மட்டுமா மாரடிச்சே? நானுந்தான் முப்பது வருசமா நாத்து நட்டுகினு கீறேன். எனக்குப் போட்ட பரிசத்த நானே அடைச்சுகினு கீறேன். அன்னிக்கு அவுரு கூசாம சொல்லிட்டாரு. நம்ம வம்சத்துல இன்னிக்குத்தான் நம்ம ஊட்டுப் பணம் தட்டுல கீது. இதுக்கா ஒனக்கு வாய் வரல?"

 பந்தலில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அதே கதைதான்.

துலுக்கானம் அவளைப் பார்த்தார். முப்பது வருஷத்தில் இந்தக் கணக்கு ஒரு நாளாவது அவர் புத்தியில் பட்டதில்லை. கடன் தன்னுடையது, தான் உழைக்கிறோம் என்றுதான் இருந்தார். பக்கத்து வரிசையில் குனிந்து நட்டுக்கொண்டிருந்தவள் தன் விலையைத் தானே கட்டிக்கொண்டிருந்தாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்குள்ளேயே அவள்மேல் இத்தனை வருஷமும் சொல்லாமல் வைத்திருந்த பிரியம் முட்டிக்கொண்டு வந்தது.

கோவிந்தன் எழுந்து பக்கத்தில் வந்து நின்றான். தகப்பனின் விரலில் மீதி இருந்த மையை அவனும் பார்த்தான். அது எங்கே பட்ட மை என்று புரிந்துகொண்டான்.

"பணம் நான் சம்பாரிச்சுக்குவேன், நைனா. அந்த வார்த்தைய நான் சொல்ல முடியாது. நீ குடுத்தாத்தான் எனக்குப் பொண்ணு" என்றான்.

துலுக்கானம் தட்டை நெஞ்சுக்கு நேரே தூக்கினார். 

"எங்க ஊட்டுப் பணம் உனக்கு, பொண்ணு எனக்கு" என்றார்.

வழக்கத்தில் அப்படிச் சொல் இல்லை. ராமன் திருத்த வாயெடுத்து, பிறகு விட்டுவிட்டார். துலுக்கானம் இரண்டாம் தரமும் அதையே, இன்னும் உரக்கச் சொன்னார். நாகப்பன் முகம் தெளிந்து, பதில் சொல்லக் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். மூன்றாம் தரம் சொல்லும்போது துலுக்கானம் நாகப்பனைப் பார்க்கவில்லை. பெண்கள் நடுவே இன்னும் நின்றுகொண்டிருந்த வேம்புலியம்மாளைப் பார்த்துச் சொன்னார்.

"எங்க ஊட்டுப் பணம். பொண்ணு எனக்கு."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.