மருதாயி அடித்த வெள்ளை

மருதாயிக்குச் சுவர் என்றால் வெள்ளையாக இருக்க வேண்டும். அதில் பேச்சுக்கே இடமில்லை. பொங்கல் நெருங்கினால் ஏற்காட்டு மலையில் வெள்ளக்கடைப் பக்கத்து எஸ்டேட் லைன் வீடுகளில் முதல் சுண்ணாம்பு நெடி அவள் வீட்டிலிருந்துதான் கிளம்பும். தன் வீட்டை முடித்த கையோடு, பக்கத்து வீட்டுக்காரி இன்னும் வெள்ளையடிக்கிற மட்டையைக் கையில் எடுக்கவில்லையே என்று வாசலில் நின்று ஜாடை பேசுவாள். அவள் வாய்க்குப் பயந்தே பாதி லைன் வெள்ளையாகிவிடும்.

அப்படிப்பட்டவள் இந்த வருஷம் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி வேறு. கேட்கவா வேண்டும்! எட்டாவதோடு நிறுத்திவிட்டுக் காப்பிப் பழம் பறிக்க வந்தவள், தான் படித்த அதே பள்ளிக்கூடத்தில் இப்போது ஹெட்மாஸ்டருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறாள். மகள் சசிரேகா அங்கேதான் எட்டாவது படிக்கிறாள். படம் வரைவதில் கெட்டிக்காரி. மாவட்டத்துப் பள்ளிகளுக்கெல்லாம் சுவரோவியப் போட்டி என்று அறிவிப்பு வந்ததும் மருதாயிக்குக் கால் தரையில் பாவவில்லை.

"மொதப் பரிசு எம் புள்ளைக்குத்தானுங்க. வேணும்னா பாத்துக்கிட்டே இருங்க" என்று லைன் முழுக்கச் சொன்னாள், பஸ்ஸில் சொன்னாள், ரேஷன் கடை வரிசையில் முன்னாலும் பின்னாலும் நின்றவர்களிடம் சொன்னாள். வீட்டில் டிவிக்கு மேலே ஒரு ஆணியும் அடித்துவிட்டாள். மகள் கேடயத்தோடு நிற்கும் ஃபோட்டோவை மாட்டுவதற்கு! இவ்வளவுக்கும் பிறகு பரிசு வராமல் போனால் அந்த ஆணியை எந்த முகத்தோடு பார்ப்பது?

அவளுக்கு இருந்தது ஒரே ஒரு குறைதான். போட்டிக்கு மூன்று பேர் சேர்ந்து வரைய வேண்டும். ஓவிய டீச்சர் சுதாராணி சசிரேகாவைச் சேர்த்தாள், சரி. மாரமங்கலத்து விவசாயி பொன்னுவேலின் மகள் கலாவைச் சேர்த்தாள், அதுவும் சரி. மூன்றாவதாக ஜார்க்கண்டுக்காரப் பெண்ணைச் சேர்த்தாள்.

ஜார்க்கண்டிலிருந்து நாலைந்து குடும்பங்கள் எஸ்டேட் வேலைக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. உள்ளூர்ப் பையன்கள் சேலத்துக்கும் திருப்பூருக்கும் இறங்கிப் போய்விட்டால் காப்பிப் பழத்தை யார் பறிப்பது? அந்தக் குடும்பங்களில் ஒன்றின் மகள்தான் பூல்மணி. மருதாயி அந்தப் பெயரை ஒரு நாளும் சொன்னதில்லை. 'அந்தப் புள்ள'தான்.

"அந்தப் புள்ள எதுக்குங் டீச்சர்?" என்று குழுக் கூட்டத்திலேயே கேட்டாள்.

"அவங்க ஊர்ல ஊட்டுச் சுவர் முழுக்கப் படம் போடுவாங்களாம் அக்கா. நொம்ப நல்லா வரையறா."

"செவுத்துல கிறுக்குறதுக்குப் பேரு படமுங்களா? எம் புள்ள பரிசு வாங்குறதக் கெடுத்துப் போடாதீங்க."

டீச்சர் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிட்டாள். மருதாயி வீட்டுக்கு வந்து மகளிடம், "அந்தப் புள்ளகூடச் சேந்து வரைஞ்சீன்னு தெரிஞ்சுது, தோலை உரிச்சுப் போடுவேன்" என்றாள். சசிரேகா தலையை ஆட்டினாள். அதன்பிறகு போட்டியைப் பற்றி வீட்டில் வாயே திறக்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டாள் என்று மருதாயி நினைத்துக்கொண்டாள். பெண் பிள்ளைகள் அப்படி உடனே கேட்டுவிட்டால் சந்தேகப்பட வேண்டாமா? அந்த நேரம் பார்த்து அவளுக்கு அது தோன்றவில்லை.

போட்டி நாள் சனிக்கிழமை. மத்தியானத்துக்கு மேல் நடுவர்கள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதிகாரிகள் கண்ணில் பள்ளிக்கூடம் பளிச்சென்று பட வேண்டும் என்று மருதாயி காலையிலேயே பெருக்கக் கூட்டமாறும் மட்டையும் சுண்ணாம்பு டிரம்முமாகப் போய் இறங்கினாள். லீவு நாள், பள்ளியில் ஈ காக்கை இல்லை. கேட்டைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சாலையைப் பார்த்த பெரிய சுவர், போட்டிக்கென்று ஒதுக்கிய சுவர், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கறுப்பாகக் கிடந்தது. கிட்டப் போய் மோந்து பார்த்தாள். ஓடைச் சேறு. சாணி வேறு கலந்திருந்தது.

"அட நாசமாப் போறவங்களா!"

யார் செய்திருப்பார்கள் என்று யோசிக்கக்கூட இல்லை. சசிரேகா தன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்கிற வயிற்றெரிச்சலில் அந்தப் புள்ளதான் பூசிவிட்டுப் போயிருக்கிறது. தன் மகள் மத்தியானம் பெயிண்ட் டப்பாவோடு வந்து இந்தக் கறுப்பில் என்னத்தை வரைவாள்? மருதாயி சேலையை இழுத்துச் செருகினாள். கையில் எரியாமல் இருக்கத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு மட்டையை எடுத்தாள்.

ஒரு கை அடித்தாள், கறுப்பு பல்லிளித்தது. சுண்ணாம்பில் இருந்த தண்ணீரைச் சாய்த்து வடித்துவிட்டு, கூழ் பதத்துக்குக் கெட்டியாக்கி அப்பினாள். தை பிறக்கப் போகிற பனி, சுவர் காய்வேனா என்றது. கடைசி மூலையை முடித்து இறங்கியபோது தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. ஆனால் சுவரைப் பார்க்கப் பார்க்க மனசு நிறைந்தது. 'இப்ப வரையட்டும் எம் மக!'

அப்போதுதான் குப்பனூர் பக்கமிருந்து வந்த பஸ் கேட்டுக்கு நேரே நின்றது. சுதாராணி டீச்சர் இறங்கினாள். பின்னால் ஒரு சாக்குப் பையைத் தூக்கிக்கொண்டு சசிரேகா, கலா, அந்தப் புள்ள. மூன்றும் ஒன்றாக.

சுவரைப் பார்த்ததும் சசிரேகா பையை அப்படியே கீழே போட்டாள்.

"அம்மா! என்னம்மா பண்ணி வெச்சிருக்கற!"

"ஏன், நல்லாத்தான இருக்குது? எவளோ சாணியப் பூசி வெச்சிருந்தா..."

"எவளோ இல்ல, நேத்து நாங்கதாம்மா பூசுனோம்! அது எங்க படத்துக்கு அடிப்பூச்சு. எல்லாத்தையும் அழிச்சுப் போட்டியே!" என்று தரையிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

டீச்சர்தான் விளக்கினாள், முகத்தில் ஈயாடவில்லை. முதலில் கறுப்பு மண் பூச வேண்டும். அதன்மேல் வெள்ளை மண் பூசி, அது காய்வதற்குள் சீப்பால் கீறினால் உள்ளே இருக்கும் கறுப்பு கோடாக வெளியே வரும். பூல்மணியின் ஊரில் கல்யாண வீட்டுச் சுவரில் அப்படித்தான் போடுவார்களாம். வெள்ளை மண் தேடிக் குப்பனூர் ரோடுவரை போனார்கள். அங்கே கிடைத்ததை நனைத்துப் பார்த்தால் அதுவும் மஞ்சளாகப் போய்விட்டது.

மருதாயிக்குக் காதில் பாதிதான் விழுந்தது. மகள் தன்னை ஏமாற்றியிருக்கிறாள் என்ற கோபம் கிளம்பியது. கிளம்பிய வேகத்திலேயே அடங்கியது, ஏனென்றால் பரிசைக் கெடுத்தது அந்தப் புள்ள இல்லை. மட்டை தன் கையில்தான் இருந்தது. டிவிக்கு மேலே இருந்த ஆணி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

பூல்மணி மட்டும் சுவருக்குப் பக்கத்தில் போனாள். ஒரு விரலால் மெல்ல இழுத்தாள். வெள்ளைக்குள் கறுப்புக் கோடு ஒன்று சுத்தமாக எழுந்து வந்தது.

"டீச்சர், காயலீங்க!" என்று கத்தினாள். "எங்க ஊரு மண்ணைவிட இது நொம்ப வெள்ளையா இருக்குதுங்க! சசி, சீப்பு எடு!"

அப்புறம் அங்கே என்ன நடந்தது என்று சொல்ல ஒரு வாய் போதாது. சசிரேகா மூக்கைத் துடைத்துக்கொண்டு பையைக் கொட்டினாள். இருந்தது இரண்டே சீப்பு. அதை மற்ற இருவருக்கும் கொடுத்துவிட்டுப் பூல்மணி வெறும் விரலாலேயே கீற ஆரம்பித்தாள். ஊரில் மண்ணைக் கீறிப் பழகிய கை, சுண்ணாம்பு என்ன செய்யும் என்று அதற்குத் தெரியாது.

"ஏய், கைய வெக்காத! சுண்ணாம்பு பொத்துப் போடும்!"

மருதாயி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது. குழாயடிக்கு இழுத்துப்போய்க் கழுவினாள். தன் எண்ணெய்ப் பாட்டிலைத் திறந்து ஒவ்வொரு விரலாகத் தடவினாள்.

தடவிக்கொண்டிருந்தபோதுதான் அது நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் அம்மாவோடு மாரமங்கலத்துக்கு மிளகு பறிக்கப் போவாள். அங்கே ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டால் சொம்பைக் கொடுக்க மாட்டார்கள். மலைக்குக் கீழே கீழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்த கூட்டம் என்று குனியச் சொல்லி, ஏந்திய கையில் மேலிருந்து ஊற்றுவார்கள். பாதி மூக்கில் ஏறும். அந்த வீட்டுக்காரர்களை இன்றைக்கும் அவளுக்குப் பிடிக்காது. இந்தப் புள்ள சசியோடு வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்டபோது இவள் என்ன செய்தாள்? வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி வாசலுக்கு வெளியே வைத்தாள். அந்தப் பாட்டில் இப்போதும் வாசல் மூலையில்தான் கிடக்கிறது. வெட்கத்தில் மருதாயிக்கு உடம்பே கூசியது.

"எரியுதா கண்ணு?"

"இப்ப இல்லீங்க அத்தை."

மருதாயி தன் கொண்டையில் செருகியிருந்த பெரிய பல் சீப்பை உருவினாள். முடி அவிழ்ந்து முதுகில் விழுந்தது. "இந்தா, இத வெச்சுப் போடு. எந்தப் பக்கம் மொதல்ல காயுதுன்னு நாஞ் சொல்றேன்" என்றாள். சுண்ணாம்பு விஷயத்தில் அவளிடம் வாய் கொடுக்க அந்த மலையில் ஆளுண்டா? காய்கிற இடமாகப் பார்த்துத் தண்ணீர் தெளித்தாள். "இங்க வா, அங்க அப்பறம்" என்று விரட்டினாள்.

கலா சவுக்கு மரத்தில் ஏறும் மிளகுக் கொடியும் பலாப்பழமும் போட்டாள், அவர்கள் தோட்டத்தில் இருப்பதை அப்படியே. சசிரேகா கொண்டை ஊசி வளைவில் திரும்பும் பஸ்ஸைப் போட்டாள். பூல்மணி ஒரு யானையைத் தொடங்கினாள்.

"ஏற்காட்டுல ஏது யானை?" என்றாள் கலா. "காட்டெருமை போடு."

"எங்க ஊர்ல யானைதான்."

"அது எப்படி இங்க வரும்?"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சசிரேகாதான் முதலில் சிரித்தாள். "பஸ்ஸுலதான் வரும்!"

அவ்வளவுதான். யானை பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்துவிட்டது. அதன் தும்பிக்கை வெளியே நீண்டு கலாவின் பலாப்பழத்தைத் தொட்டது. வளைவில் நின்ற காட்டெருமை ஒதுங்கி பஸ்ஸுக்கு வழிவிட்டது. எருமையின் வயிற்றுக்குள் ஒரு குட்டி, அது பூல்மணி ஊர் வழக்கம். தனித்தனியாக உட்கார வைத்திருந்தால் மூன்று பேரில் ஒருத்திக்கும் அந்தப் படம் வந்திருக்காது. மருதாயி தண்ணீர்ச் சொம்போடு வாயைப் பிளந்து நின்றாள்.

நடுவர்கள் வந்தார்கள். வந்தவர்கள் நின்றார்கள், நின்றவர்கள் நகரவில்லை. யானையைப் பார்த்து ஒரு அம்மா வாய்விட்டுச் சிரித்தார். கண்ணாடி போட்ட ஒருவர் டீச்சரிடம், "இது அந்த வடநாட்டுப் பொண்ணு போட்டதா?" என்று கேட்டார்.

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் மருதாயி முந்திக்கொண்டாள்.

"ஏனுங்க, அதென்னங்க வடநாட்டுப் பொண்ணு? அதுக்குப் பேரு இருக்குதுங்க. பூல்மணி. எங்க பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க. மூணும் சேந்து போட்டதுங்க."

அவர் கொஞ்சம் மிரண்டுபோய், தலைவிரிகோலமாக நின்றவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க?"

"தலைவிங்க" என்றாள் மருதாயி. "வெள்ளை நான் அடிச்சதுங்க."

முதல் பரிசு அவர்களுக்குத்தான். பின்னே!

இப்போது அந்த ஆணியில் ஃபோட்டோ தொங்குகிறது. கேடயத்தை மூன்று பெண்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்திருக்கிறார்கள். பூல்மணியின் மறுகையில் மருதாயியின் சீப்பு. வீட்டுக்கு யார் வந்தாலும் மருதாயி முதலில் ஃபோட்டோவுக்குக் கீழேதான் நிறுத்துவாள். நேற்று எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் வந்தபோதும் அதே கதைதான்.

"அடியில கறுப்பு புள்ளைங்க பூசுனதுங்க. மேல வெள்ளை நான். கெட்டியா அடிக்கோணும், பதம் தப்புனா படம் வராதுங்க. அதெல்லாம் யோசன பண்ணித்தான் அடிச்சேன்."

அடுப்படியில் தானே மொண்டுகொண்ட சொம்புத் தண்ணீரோடு வந்த பூல்மணி வாசற்படியில் நின்று கேட்டாள்.

"ஏனுங்க அத்தை, நீங்க அழிக்கத்தானுங்க அடிச்சீங்க?"

ரைட்டர் திரும்பிப் பார்த்தார். மருதாயி முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

"பேசாமத் தண்ணியக் குடி சாமி" என்றாள்.