அத்திப்பாலுக்குப் போகும் வழி

வேலியோரத்துப் பப்பாசியில் காய் பிடித்துவிட்டது என்று கணவர் யோகலிங்கம் குசினி வாசலில் நின்று சொன்னபோது, சுலோஜனா அடுப்பில் பாலைத் துழாவிக்கொண்டிருந்தாள். அகப்பை நின்றுபோனது.

"இனி நீர் அத்திப்பாலுக்காகச் சல்லிக்கு அலையத் தேவையில்லை. பப்பாசிப்பாலும் பாலைத் திரைக்குமாம். விசாரிச்சுப்போட்டன்," என்றார். ஆசையாய் ஒரு சேலை வாங்கி வந்து நீட்டுகிறவரின் முகம் அவருக்கு.

அவள் சீஸ் செய்யத் தொடங்கியது தற்செயலாகத்தான். மாதர் சங்கத்தில் நடந்த பயிற்சிக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் துணையாகப் போனாள். சீஸுக்குப் பாலைத் திரைக்க வழக்கமாகப் போடுவது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் சாறு என்று அங்கே கேட்டதும், சைவச் சாப்பாட்டுக்காரியான அவள் எழும்பிப் போகப் பார்த்தாள். அதற்குப் பதிலாக அத்திக்காயின் பாலையும் விடலாம் என்று சொன்னார்கள். அதைப் பிடித்துக்கொண்டாள். நிலாவெளியில் யோகா விடுதி நடத்தும் இராகுலன், கன்றின் சாறு கலக்காத சீஸ்தான் வேண்டுமென்று தேடிக்கொண்டிருந்தான். ஒருதரம் தின்று பார்த்தவன் பிறகு அவளை விடவில்லை.

அத்திமரம் சல்லி என்ற கடலோர ஊரில், கருவாடு விற்கும் மாகிரட்டின் வீட்டு வளவில் நின்றது. வெயில் ஏறுமுன் காயின் காம்பைக் கிள்ளினால் பால் சொட்டும். எடுத்த அன்றைக்கே பாவிக்கவேண்டும். ஆகவே சீஸ் போடும் நாளெல்லாம் அலஸ்தோட்டத்து வீட்டிலிருந்து அவள் நடந்தாள். கையில் ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தல். வேறு எதற்கும் அவள் தனியே வெளியில் போவதில்லை. சந்தைக்கு அவர் போவார், கோயிலுக்கு இருவரும் போவார்கள். அந்த நடையில்தான் அவள் தனக்குள் பாடுவாள், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வாள். மாகிரட் கருவாடு பரப்பிக்கொண்டே மகன் மெல்ரோய் கட்டப்போகும் பெண்ணைப் பற்றி ஏதாவது சொல்வாள். அந்த நாற்றம் தொடக்கத்தில் மூக்கை அடைத்தது. பிறகு அதையும் தேடிப்போகத் தொடங்கினாள். பால் எடுத்து முடிந்த பிறகும் மணலில் உட்கார்ந்திருப்பாள். யாரும் அவளை எங்கே என்று கேட்காத நேரம் அது ஒன்றுதான்.

யோகலிங்கம் கெட்ட மனிதரல்ல. குரலை உயர்த்தியதேயில்லை. சண்டைக் காலத்தில் சந்தைக்குப் போன அவருடைய தங்கை திரும்பி வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. சுலோஜனா சல்லியிலிருந்து வரும்வரை அவர் தேத்தண்ணியைக்கூட வாயில் வைக்காமல் வாசல் படலையடியில் நிற்பார். வந்ததும், "வந்திட்டீரே," என்று மட்டும் சொல்வார். அந்த ஒரு சொல்லை எதிர்த்து என்ன பேசுவது? கத்துகிற கணவனோடு சண்டை பிடிக்கலாம்.

பப்பாசிக் காயைக் கீறி, வடிந்த பாலில் முதல்தரம் போட்ட சீஸ் கைத்தது. இரண்டாம்தரம் சாற்றைப் பாதியாகக் குறைத்து, கட்டியை உடனே பிழிந்து உப்பிட்டாள். ஒரு துண்டை வாயில் வைத்தாள். நல்லாயிருந்தது. அத்திப்பாலில் செய்ததற்கு அது எந்த விதத்திலும் குறையவில்லை. குசினிக் கதிரையில் உட்கார்ந்து அந்தச் சீஸ் முழுவதையும் அவசரமாக, தொண்டை அடைக்க அடைக்கத் தின்று முடித்தாள். அவர் வந்து பார்க்குமுன் தட்டையும் கழுவி வைத்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தரமும் பப்பாசிப்பாலை அளவுக்குக் கூடுதலாக விட்டாள்.

இராகுலன் தொலைபேசி எடுத்தான். "அக்கா, குறை நினைக்காதேங்கோ. வாயில வைக்க ஏலாமக் கைக்குது. இப்பிடியெண்டா இனி எடுக்க மாட்டன்."

யோகலிங்கம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு மிஞ்சியிருந்த துண்டை எடுத்து, முகத்தைச் சுளிக்காமல் கடைசிவரை மென்றார். "பிழை என்ரதான். உமக்கு அத்திப்பால்தான் சரி," என்றார். அவர் மெல்லுவதைப் பார்க்க அவளுக்குக் கண் கலங்கியது. ஆனால் மனம் அதற்குள் சல்லி மணலில் காலை வைத்துவிட்டது.

அடுத்த நாள் காலை அவள் தலை வாரிப் புறப்பட நிற்க, படலைக்கு வெளியே ஆட்டோ ஒன்று நின்றது. மாகிரட் கருவாட்டுப் பெட்டியோடு உள்ளே இருந்தாள். இறங்காமலே போத்தலை நீட்டினாள்.

"இந்தா பிள்ளை, அத்திப்பால். நான் எப்பிடியும் விடிய ரவுன் சந்தைக்குச் சாமானோட போறனான்தானே. நேற்று உங்கட அவர் வந்து கதைச்சவர். இனி நீ வெயிலுக்க வரத் தேவையில்ல."

"அக்கா, நான் வரவேணுமெண்டுதான்..." என்று தொடங்கினாள் சுலோஜனா. யோகலிங்கம் பின்னால் வந்து நின்றார். மாகிரட் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். அவள் சிரிப்பு மெல்லக் குறைந்தது. "பிறகு கதைப்பம் பிள்ளை," என்றாள். ஆட்டோ போய்விட்டது.

பால் அடுப்பில் இளஞ்சூடாகிக் காத்திருந்தது. போத்தலைத் திறக்காமல் மேசையில் வைத்துவிட்டு சுலோஜனா சொன்னாள்:

"அது பப்பாசியால கைக்கேல்ல. நான்தான் கைக்க வைச்சனான்."

"என்ன சொல்லுறீர்?"

"ஓம். நல்லாச் செய்யத் தெரியும். செய்தால் இந்தப் படலையைத் தாண்டேலாது எண்டு எனக்கு விளங்கிச்சு. எனக்கு மூச்சு முட்டுது."

கோபிப்பார் என்று எதிர்பார்த்தாள். கோபித்திருக்கலாம். அவர் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சியும் வாறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவள்," என்றார்.

"நான் அவளில்லை."

"தெரியும்." குனிந்து கண்ணைத் துடைத்தார். "தெரிஞ்சும் ஏலாமக் கிடக்கு, சுலோ."

அன்றைக்குப் பாலைத் திரைக்கவில்லை. பின்னேரம் அவர் தானாகவே அவளிடம் வந்தார். "சரி. நாளைக்குப் போவம்," என்றார்.

காலையில் இருவரும் கடற்கரையோடு நடந்தார்கள். அவர் பழைய கறுப்புக் குடையை விரித்து அவளுடைய தலைக்கு மேலே பிடித்தார். தன் தோள் வெயிலில் கிடப்பதை அவர் கவனிக்கவில்லை. தூரத்தில் வள்ளம் இழுப்பவர்களின் சத்தம் கேட்டது. சுலோஜனா நடையைக் கூட்டினாள்; குடையின் நிழலும் கூடவே வந்தது. அலை நுனிப் பக்கம் விலகினாள். மூச்சு வாங்க அவரும் விலகினார். நனைந்த மணலில் அந்த வட்ட நிழல், அவள் எட்டு வைத்த இடமெல்லாம் அவளுக்கு முன்னே விழுந்தது.