சீல் பிரிக்காத பாக்கெட்

இப்போதெல்லாம் ஒருவன் கீழே விழுந்தால் பத்துப் பேர் ஓடி வருகிறார்கள். பத்துப் பேர் கையிலும் செல்போன். தூக்கிவிட ஒரு கை மிச்சமில்லை. நல்லது செய்தாலும் போட்டோ, செய்யாவிட்டாலும் போட்டோ. பள்ளிக்கூட கேட்டில் உட்கார்ந்துகொண்டு வாட்ச்மேன் அருள்பிரகாசம் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் இதைத்தான் சொல்லுவார். பெருசு காலையிலேயே ஆரம்பித்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே போவார்கள்.

முப்பத்திரண்டு வருஷம் மூட்டை தூக்கின மனுஷன். அவர் வேலை பார்த்த காண்ட்ராக்டர், மேலிடத்து ஆள் வருகிற அன்றைக்கு மட்டும் தலைக்கொரு ஹெல்மெட் கொடுப்பான். வந்தவரின் கார் போனதும் எண்ணித் திரும்ப வாங்கிக்கொண்டு, உங்களுக்கென்று நாளைக்கு வரும் என்பான். அதிலிருந்து புதுப் பெயிண்ட் வாசனை அடிக்கிற எதையும் அவர் நம்புவதில்லை.

அப்பேர்ப்பட்டவர் ஒரு பெட்டியை நம்பினார். நின்றுபோன இதயத்தைக் கரண்ட் கொடுத்து ஓடவைக்கிற பெட்டி. ஏதோ ஒரு கம்பெனி பள்ளிக்கூடத்துக்குத் தானமாகக் கொடுத்தது. பெட்டியை நம்பினார் என்பதைவிட சாவியோவை நம்பினார் என்றால் சரி. சாவியோ அந்தப் பள்ளியின் பி.டி. மாஸ்டர். அவன் அப்பாவும் இவரும் ஒரே கேங்கில் மூட்டை தூக்கினவர்கள். ராயபுரம் சர்ச்சில் அவன் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பனாக நின்றவர் இவர்தான்.

“உனுக்குத்தான் நைனா கைல பலம் கீது. நீ கத்துக்கோ” என்றான் சாவியோ. கற்றுக்கொடுக்க வந்த நர்ஸ் ரூத், ஒரு ரப்பர் பொம்மையைக் கிடத்தி, நெஞ்சின் நடுவில் எப்படி அழுத்துவது, கரண்ட் பாய்ச்சுகிற இரண்டு பசைப் பேடை எங்கெங்கே ஒட்டுவது என்று காட்டினாள். இந்தப் பேடு ஒரு ஆளுக்கு ஒரு தரம்தான், பழக வேறே பேடு வாங்கிக்கொள்ளுங்கள், நிஜப் பாக்கெட்டின் சீலைப் பிரிக்காதீர்கள் என்று இரண்டு தரம் சொன்னாள். பொம்மையை விட்டுவிட்டுப் போனாள்.

பழகுகிற பேடு வரவேயில்லை. விருந்தாளிகள் வந்தார்கள். தானம் கொடுத்த கம்பெனிக்காரர்கள், கல்வி அதிகாரி, பெற்றோர் கூட்டம், பக்கத்துப் பள்ளிக்காரர்கள். ஒவ்வொரு தரமும் தலைமையாசிரியை அம்மா, “எங்க வாட்ச்மேனே செய்வாரு, பாருங்க” என்பார். இவர் மண்டியிட்டு நிஜப் பேடைப் பொம்மையின் நெஞ்சில் ஒட்டுவார். கைதட்டுவார்கள். பிய்த்து மறுபடி கவரிலேயே போட்டுவிடுவார்கள். நாலாவது தரம் ஒட்டும்போது ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது.

“டேய், ஒரு தபாதான்னு அந்த நர்ஸம்மா சொல்லிச்சேடா?”

“அது ஷோவுக்கு நைனா. அசலு வேற பாக்கெட்டு பீரோல பத்ரமா கீது. உன்கிட்ட பீலா உடுவனா?”

ஞானப்பிள்ளை சொன்னான். இவர் நம்பிக்கொண்டார்.

ஜூலை மாதம். ஒன்பதாவது படிக்கிற மகிழினி ரிலே ஓடிப் பழகும்போது மைதானத்தில் குப்புற விழுந்தாள். கேட்டிலிருந்து இவர் ஓடிப் புரட்டிப் பார்த்தபோது மூச்சில்லை. “நூத்தியெட்டுக்குப் போன் போடு” என்று கத்திவிட்டு அழுத்த ஆரம்பித்தார். சாவியோ பெட்டியோடு வந்தான். அதே பழைய கவர். பேடில் மணலும் பொம்மையின் தூசியும். வேர்த்த நெஞ்சில் வைக்க வைக்க நழுவியது. பேடைச் சரியாக ஒட்டு என்று பெட்டி இங்கிலீஷில் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னது. நாலு ஷோவிலும் பெட்டியை யாரும் ஆன் செய்யாததால் கேட்காத வாக்கியம்.

“பீரோல கீறத எடுத்தாடா!”

சாவியோ அசையவில்லை.

“இன்னாடா முழிக்கிற?”

“இல்ல நைனா… வாங்கவே இல்ல.”

அதற்குமேல் பேச நேரமில்லை. கையாலேயே அழுத்தினார். கை மரத்துப்போனால் சாவியோ, அவன் சளைத்தால் இவர். கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்ட ஆம்புலன்ஸ் வந்து சேரப் பதினாலு நிமிஷம். ஆம்புலன்ஸ்காரர்கள் தங்கள் பெட்டியால் கரண்ட் கொடுத்தார்கள். பெண் பிழைத்தது.

இன்னும் அவள் ஆஸ்பத்திரியில்தான். பிறவியிலேயே இதயத்தில் கோளாறு, கூடப்பிறந்தவளுக்கும் இருக்கலாம், பார்த்துவிட வேண்டும் என்று டாக்டர் தேதி கொடுத்திருக்கிறார். தங்கச்சி ஷாலு இதே பள்ளியில் ஆறாவது. ஓடாதே என்றால் ஓடுகிற ரகம். அவள் அம்மா பட்டம்மாள் மார்க்கெட் முனையில் இட்லிக் கடை போட்டிருப்பவள். கேட்டில் வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “பெரியவள நீதான் குடுத்த நைனா. டெஸ்ட்டு முடியறவரிக்கும் சின்னவ மேல ஒரு கண்ணு வெச்சிக்கோ.”

அந்த வாரமே தலைமையாசிரியை அம்மா விழா என்றார். பெட்டியால் பிழைத்த மாணவி என்று பேனர் அடித்தாகிவிட்டது. இவருக்குச் சால்வை.

“பெட்டி ஒரு மயிரும் புடுங்கல” என்றார் அருள்பிரகாசம்.

சாவியோ வீட்டுக்கே வந்து தரையில் உட்கார்ந்து அழுதான். “தப்புதான் நைனா. உன்கிட்ட பொய் சொன்ன வாயி இது. மேடம் அடுத்த மாசம், அடுத்த மாசம்னாங்க, நானும் கம்னு இர்ந்துட்டேன். நீ மேடைக்கி வந்தா போதும்.”

“புச்சா பாக்கெட்டு பெட்டில வரட்டும். என் கண்ணால பாக்கணும். அப்பால வரேன்.”

வந்தது. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, நம்பர் தெரியும். காலாவதி தேதியைப் பார்த்தார். சீலை விரலால் தடவிப் பார்த்தார். விழா வரைக்கும் பத்து நாளும் காலையில் கேட்டைத் திறந்ததும் முதல் வேலையாக அதைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஷாலு ஓடினால் வாய் திட்டியது. முன்போல ஸ்டூலை விட்டு எழுந்து ஓடவில்லை.

விழா அன்று காலை மைதானத்தில் பந்தல். மகிழினிக்குப் பதிலாக ஷாலு முன்வரிசையில் கையில் பூங்கொத்தோடு உட்கார்ந்து நெளிந்துகொண்டிருந்தாள். சால்வை போட்டார்கள். கம்பெனியிலிருந்து வந்திருந்த பெரியவர் பெட்டியைக் காட்டி, எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாமா என்று கேட்டார். போட்டோக்காரன் கிட்டே வந்தான்.

தலைமையாசிரியை அம்மா சாவியோவைத் திரும்பிப் பார்த்தார். ரப்பர் பொம்மை தயாராக மேஜையடியில் இருந்தது. அதைப் பார்த்ததும் அருள்பிரகாசத்துக்குப் புரிந்துவிட்டது.

“டேய், வாணாம்” என்றார், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

சாவியோ அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பாக்கெட்டின் ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பாகக் கிழித்தான். நல்ல பசை, பொம்மையின் நெஞ்சில் அப்பிக்கொண்டது. கைதட்டினார்கள். ஷாலுவும் தட்டினாள்.

அருள்பிரகாசம் சால்வையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கினார். கேட்டருகே போய் டிபன் பையை எடுத்து மாட்டினார். சாவியோ மூச்சிரைக்க ஓடிவந்தான்.

“நைனா, பேஜார் பண்ணாத. மேடம் வேற பாக்கெட்டு ஆர்டர் போட்டாச்சி. நாளிக்கி வந்துரும்.”

“பீரோல கீதா, மாஸ்டர்?”

மாஸ்டர் என்று அவர் அவனைக் கூப்பிட்டதேயில்லை. சாவியோவுக்கு முகம் செத்துவிட்டது. செல்போனை நீட்டினான். “சத்தியமா நைனா, தோ பாரு, ஆர்டர் போட்ட போட்டோ கீது.”

“இன்னிக்கி மதியம் அந்தக் கொயந்த வியுந்தா போட்டோவ எடுத்து நெஞ்சுல ஒட்டுவியா?”

“எங்க போற?”

“இட்லிக் கடைக்கி. பட்டம்மா கிட்ட சொல்லி, அவள இட்டாந்து புள்ளைய வூட்டுக்கு அனுப்பறேன். டெஸ்ட்டு முடியறவரிக்கும் இந்த கேட்டுக்குள்ள காலு வெக்கக் கூடாது.”

“அப்ப நீ? நாளிக்கி வருவ இல்ல?”

மைக்கில் நன்றியுரை ஆரம்பித்துவிட்டது. அவர் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ரோட்டைத் தாண்டினார். பின்னால் சாவியோ கத்திக்கொண்டிருந்தான், நாளிக்கி கண்டிப்பா வந்துரும் நைனா, நாளிக்கி வந்துரும் என்று.

ஹெல்மெட்டும் நாளைக்குத்தான் வருமென்று முப்பத்திரண்டு வருஷம் சொன்னார்கள். அவர் திரும்பிப் பார்க்காமல் மார்க்கெட் பக்கம் நடந்தார்.